மேகம் இல்லாத பத்தரை மணி

கணினியின் காலநிலைக் கணிப்பில் மேகக் கணக்கைச் சரிபார்க்கும் ஆய்வு அது. தினமும் பத்தரை மணிக்குச் செயற்கைக்கோள் கடக்கையில், தாடிக்கொம்பு கத்தரிக்காட்டில் நின்று, வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று சத்யபிரியா எழுத வேண்டும். பத்து நாளாகப் பூஜ்யமே எழுதினாள். செயற்கைக்கோள் படத்திலோ அந்தக் காட்டின்மேல் மட்டும் எட்டுப் பங்கும் மேகம்.

“வீட்ல படுத்துக்கிட்டே எழுதுறியாக்கும்? நாளைக்கு நானே வாரேன். மேகம் மட்டும் இருந்துச்சு, அம்புட்டுத்தான் உன் வேலை,” என்றார் மேற்பார்வையாளர் ஆனந்த்ராஜ்.

மறுநாள் வந்தார். அண்ணாந்து பார்த்தார். பொட்டு மேகமில்லை, வெயிலில் கண் கூசியது.

“பூஜ்யந்தானே சார்?”

தரையைப் பார்த்துக் குனிந்தவர் நிமிரவில்லை. “எட்டுன்னு எழுதும்மா,” என்றார் மெதுவாக.

அவளும் தரையைப் பார்த்தாள். பக்கத்துத் தோப்பில் தென்னைகளின் நிழல் விழுந்திருந்தது. இந்தக் காட்டில் கத்தரிச் செடிகளுக்கும் இவர்கள் இருவருக்கும் நிழல் இல்லை.