நீல வட்டத்துக்கு வெளியே

நாகல் நகர் செல்போன் கடையின் தகரக் கூரைக்கு அடியில் சாயங்கால வெயில் சரிந்து வந்து மூன்று பேரின் முழங்கால்களில் விழுகிறது. பட்டாளத்தில் நான்கு வருடம் முடித்து, போன மாதம் ஊர் திரும்பிய அழகுராஜா, ஒட்ட வெட்டிய தலையோடு, பெஞ்சில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறான். இரு பக்கமும் கூடப் படித்த முகேஷ்குமாரும் டேவிட்டும். மூவரும் ஒரே அணி. இரண்டு ஆட்டம் தோற்று, இது மூன்றாவது. அழகுராஜாவின் டீயில் ஆடை படிந்துவிட்டது. ரோட்டில் ஓர் ஆட்டோ ஹாரனை அமுக்கியபடியே போகிறது. திரையில் டேவிட்டின் ஆள் குண்டடிபட்டுப் பாலத்தடியில் தவழ்கிறான். பக்கத்தில் போய்க் கட்டுப்போட்டால் பிழைப்பான். ஆனால் நீல வட்டம் சுருங்கி வருகிறது, அதற்கு வெளியே நிற்பவன் செத்தான். "அவன விட்டுட்டு வாடா, நம்ம ரெண்டு பேரு போதும், ஜெயிச்சிரலாம்" என்று கத்துகிறான் முகேஷ்குமார். அழகுராஜாவின் கட்டைவிரல் பாலத்தின் பக்கம் திரும்புகிறது. "ஏலே, சொன்னாக் கேளு!" விரல் நிற்கவில்லை. பாதிக் கட்டு சுற்றும்போதே வட்டம் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது, இருவரும் சாகிறார்கள். கொஞ்ச நேரத்தில் முகேஷ்குமாரும் தனியாக மாட்டிக்கொண்டு சாகிறான். போனை மடியில் போட்டுவிட்டு அழகுராஜாவிடம் பாய்கிறான். "மூணு ஆட்டமும் ஒன்னாலதான் போச்சு. நாலு வருஷம் அங்க என்னத்தடா கத்துக்கிட்டு வந்த? அடுத்த ஆட்டத்துக்கு நீ வேணாம்." அழகுராஜா ஆடையை விரலால் ஒதுக்கி, ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவனைப் பார்க்கிறான். "என்னயச் சேக்காட்டி போகட்டும். சேத்தா, நீ விழுந்து கெடந்தாலும் இப்பிடித்தான் வருவேன்."