சட்டை நின்ற இடம்

தவசிக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தான்சானியாவில் ரயில் சிக்னல் போடும் வேலையை நடத்துகிற மேலாளர் அவர்.

வேலை முடிந்து லைனை ரயிலுக்குத் திறக்குமுன் ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பழைய வழக்கம். "இருக்கேன்" என்று அவன் குரல் வர வேண்டும். இப்போது ஆள் எங்கே நிற்கிறான் என்று கருவி தைத்த அவன் சட்டையே திரையில் காட்டிவிடுகிறது. அன்றைக்குச் சட்டைகள் எல்லாம் தண்டவாளத்து வேலிக்கு வெளியே இருந்தன. தவசி லைனைத் திறந்தார்.

அங்கே வேலையிலிருந்த ஹமீசி, வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, தண்டவாளத்தில் குனிந்திருந்தான். ரயில் அடித்துவிட்டது. தண்டவாளத்தில் கல் அள்ளிய தவசியின் அப்பாவும் வெயிலில் சட்டையோடு நின்றதில்லை.

மறுநாள் ஹமீசியின் மனைவி பேசினாள். அவளுடைய சுவாஹிலி, மொழிபெயர்க்கும் காதுக்கருவியில் தவசியின் ஊரான உசிலம்பட்டிப் பேச்சாகவே விழுந்தது.

"அண்ணே, லைனத் தொறந்தது நீங்கதானா?"

"ஆமாம்மா. சட்டை வெளியதான் இருந்துச்சு..."

"சட்டைகூடவா நான் குடும்பம் நடத்துனேன்? பேரச் சொல்லி ஒருக்கா கூப்பிட்டீகளா?"

"கம்பெனி செய்ய வேண்டியதச் செஞ்சிரும்மா."

"அத அவுக செய்யட்டும். நீங்க செய்ய வேண்டியது?"



அன்று மாலை லைனைத் திறக்குமுன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எல்லாரும் "இருக்கேண்ணே" என்றார்கள். ஹமீசியைக் கூப்பிட்டிருக்க வேண்டிய அந்த ஒரு தடவை மட்டும் பாக்கி.