விளிம்புக்கு மேலே

பஞ்சாலையில் தண்ணீர்த் தட்டுப்பாடு. ஆளுக்கு ஒரு டம்ளர்தான் என்றார் சூப்பர்வைசர். வேலை நடுவே தலைசுற்றி உட்கார்ந்துவிட்ட பழனாத்தாளுக்கு அதுவும் கிடையாது என்றார்.

வரிசையில் முதலில் நின்ற ரத்தினாள் தன் டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள். பிறகு செம்பைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர் வழியவில்லை. விளிம்பைத் தாண்டி மெல்ல உப்பி நின்றது.

“போதும், கொட்டிரும்!” என்றார் சூப்பர்வைசர்.

“கொட்டலீங்களே. ஒரு டம்ளர்தானுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். அவர் மூச்சுப் பட்டுத் தண்ணீர் நடுங்கியது. ஒரு சொட்டும் விழவில்லை.

“விளிம்பு வரைக்கும் என்னோடதுங்க. மேல நிக்கறது பழனாத்தாளோடது.”

பழனாத்தாள் வந்து, டம்ளரைத் தொடாமல், குனிந்து உறிஞ்சினாள். அடுத்து நின்றவள் ரத்தினாளிடமிருந்து செம்பை வாங்கித் தன் டம்ளரில் சாய்த்தாள்.

“பழனாத்தா, போயிராத. இங்கயே நில்லு.”