எலாதியோ வீட்டுப் பெட்டி

“செத்தவர் வீட்டிலேருந்து பெட்டி எப்படிம்மா வரும்?” ராமிரோ மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

“எப்பவும் போலத்தான். இருட்டறதுக்கு முன்னாடி வந்துடும்,” என்றாள் அவன் அம்மா பசிலிசா. பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவள் தலை நிமிரவில்லை. அதையும் மகன் கவனித்து வைத்துக்கொண்டான்.

போன வாரம் போனில் இதே பேச்சைக் கேட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இனி வில்லார்மெந்தா கிராமத்தில் தனியாக விடக்கூடாது என்று முடிவு கட்டி, தான் இருக்கும் வல்யதோலித் நகரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அங்கே அவளுக்கு அறைகூடத் தயாராக இருந்தது.

மாதாவும் குழந்தையுமாகத் திருக்குடும்பச் சொரூபம் வைத்த மரப்பெட்டி அது. ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கும். மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முறை தவறினால் அந்த வருஷக் கோதுமை வீடு வந்து சேராது என்று ஊருக்கே ஒரு பயம். ஊரென்ன பெரிய ஊர், எல்லாரும் பட்டணம் போய்ச் சேர்ந்து, கடைசியில் மிஞ்சியது பசிலிசா வீடும் எதிர்ச்சாரியில் எலாதியோ வீடும்தான்.

அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எலாதியோ எல்லைக்கல்லைத் தள்ளி வைத்து உழுதுவிட்டார் என்று ராமிரோவின் அப்பா காலத்தில் மூண்ட பகை. ஆனாலும் எலாதியோ பெட்டி முறையை மட்டும் விட்டதில்லை. கைத்தடியால் மூன்று தட்டு தட்டி, பெட்டியை வாசல்படியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்.

முரண்டு பிடித்த அந்த மனுஷரைத்தான் அவருடைய மகள்கள் பலென்சியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அறுவடை முடிந்த கையோடு ஒருநாள், மூடுபனியில் நடக்கப் போனவர் திரும்பவில்லை. கால்வாய்க் கரையில் தொப்பி கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. ஆத்ம சாந்திக்குப் பூசையும் வைத்தாயிற்று, ராமிரோவே போய்விட்டு வந்தான்.

“நேத்து சாயங்காலம் அவர் வாசல்ல வெச்சுட்டு வந்தேன். இன்னைக்கு இங்கே வரணும்,” என்றாள் பசிலிசா, ரொட்டி வண்டி வரும் என்று சொல்வது போல.

“நீயே போய் எடுத்துட்டு வர்றேம்மா. அப்புறம் மறந்துடறே. உடம்புக்கு வர்ற மாதிரி மூளைக்கும் வரும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. துணிமணியை எடுத்து வை, கிளம்பலாம்.”

“நான் இங்க உன் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கறப்பவே யாராவது தட்டினா?”

“தட்டினா நான் வாயை மூடிட்டு ஊர் போய்ச் சேர்றேன். இந்தப் பேச்சையே இனிமே எடுக்க மாட்டேன். தட்டலேன்னா நீ கார்ல ஏறணும்.”

“உங்கப்பா மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினான். பொழுது போகாமல் மேசை மேலிருந்த துணிப்பையைத் திறந்து பார்த்தான். காலையில் வண்டிக்காரன் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போன பை. உள்ளே நீள ரொட்டி இரண்டு இருந்தன. “ஒருத்திக்கு எதுக்கும்மா ரெண்டு ரொட்டி?”

“பூண்டு சூப்புக்குப் பழைய ரொட்டி வேண்டாமா? இன்னைக்கு வாங்கினாத்தானே நாளைக்குப் பழசாகும்.”

சன்னலுக்கு வெளியே உழுது போட்ட நிலத்தை மூடுபனி முழுசாக விழுங்கியிருந்தது. எதிர்வீடு நிழலாகத்தான் தெரிந்தது. ராமிரோ எழுந்து அம்மாவின் கோட்டைக் கையில் எடுத்தான்.

டக். டக். டக்.

கோட்டைக் கீழே போட்டான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் கத்தியும் பூண்டுமாக உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தாள். ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்தான். இறுகிப்போன தாழ்ப்பாள், சட்டென்று வரவில்லை.

திறந்தபோது வாசலில் யாரும் இல்லை. படியில் பெட்டி மட்டும் இருந்தது.

“யாரது?” என்றான். தெருவைக் கடந்து எலாதியோ வீட்டுக்கு ஓடினான். முன்கதவில் போட்ட சங்கிலி துருப்பிடித்து அப்படியே தொங்கியது. அதில் சிலந்தி கட்டிய வலைகூட அறுபடவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா பெட்டியை உள்ளே வைத்து மெழுகுவத்தி ஏற்றி, அடுப்பில் சூப்பையும் வைத்திருந்தாள். “பயந்துட்டியாடா?”

“இல்ல.” பல் தந்தியடித்தது. “உன்னைப் பைத்தியம்னு நினைச்சது தப்புதாம்மா. ஆனா இங்க இருக்காதே. என்கூட வந்துடு. கெஞ்சிக் கேக்கறேன்.”

“வரேன், ஒண்ணுமில்ல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. நான் அங்க வந்துட்டா, எலாதியோ பெட்டியைத் தூக்கிட்டு எங்க வருவார்? உன் வீட்டு வாசலுக்குத்தானே?”

ராமிரோ கீழே கிடந்த கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினான். அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கண் கலங்கியதை மறைத்துக்கொண்டு காரில் ஏறினான்.

காரின் சிவப்பு விளக்கு பனியில் கரைந்து, சத்தமும் ஓயும்வரை பசிலிசா வாசலில் நின்றாள். பிறகு தாழ்ப்பாளைப் போட்டு, சூப்பை இறக்கி வைத்தாள். கொல்லைக்குப் போய், வைக்கோல் பரணை அண்ணாந்து பார்த்தாள்.

“யோவ் எலாதியோ, அவன் போயிட்டான். இறங்கி வாய்யா, சூப்பு ஆறுது.”