ஆண்டிபட்டியில் மழை இல்லை

“நாலு நாளா ஆண்டிபட்டி வெள்ளத்துல மிதக்குது. ஒரு சொட்டு மழையில்லைன்னு உன் கம்ப்யூட்டர் சொல்லுது! இதைப் பார்த்துத்தானம்மா நிவாரணம் குடுக்கப் போறாங்க?”

புள்ளியியல் பேராசிரியர் சபாபதி தாளை மேசையில் வீசினார். புரோகிராம் எழுதும் தங்கப்பொண்ணு தலைகுனிந்து நின்றாள்.

“மெயின் புரோகிராம்ல அந்த ஊர் மழைக்கு ‘ஆண்டி’ன்னு பேர் வச்சேன். சராசரி போடுற சப்ரொட்டீன்ல, அதான் துணைப் புரோகிராம்ல, நீ பஞ்ச் பண்ண கார்டுல ‘எக்ஸ்’னு மாத்தியிருக்க. ‘எக்ஸ்’னா யாருன்னே தெரியாம அது சைபர் போட்டுருச்சு. ரெண்டு இடத்துலயும் ஒரே பேரு இருக்கணும்னு தெரியாதா?”

“தெரியும் சார்.”

“மேலூரை மாத்தல, வண்டியூரை மாத்தல. இந்த ஊர் மேல மட்டும் என்ன கோபம்?”

அவர் மெமோ தாளை எடுத்தார்.

“மெமோல போடணும், வீட்டுக்காரர் பேரு?”

அவள் மேசையில் கிடந்த தாளில் இருந்த ‘ஆண்டி’யின் மேல் விரலை வைத்தாள்.

“இதோட ‘சாமி’ சேத்துக்கங்க சார்.”

பேனா நின்றது.

“எம்.எஸ்ஸி. படிச்சவ… புருஷன் பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு நீயுமா நம்புற?”

“போன வாரம் வரைக்கும் நம்பல சார். இப்ப அவுக பெரியாஸ்பத்திரியில கண்ணு முழிக்காம கெடக்காக.”