டெல்பர்ட்டை மட்டும் கடிக்கும் பாம்பு

"பிஸ்கட் யாரையும் கடிச்சதே இல்ல, டெல்பர்ட். உன்ன மட்டும்தான் கடிக்கிறான். இவனுக்கே உன்னைப் பிடிக்கல. இனிமே உன் கையில தரமாட்டேன்" என்றாள் டெஸ்ஸா.

பிஸ்கட் விஷமில்லாத கிங்ஸ்னேக் வகைப் பாம்புதான். ஆனாலும் டெல்பர்ட்டின் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. தன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவனிடம் டெஸ்ஸா முகம் கொடுத்துப் பேசுவதே இந்தப் பாம்பை வைத்துத்தான்.

"எலியைத் தொட்டியா?"

"இல்ல, டெஸ். கூரைக்குத் தார் ஊத்திட்டு நேரா வர்றேன்."

அவள் அவன் சட்டைக் கையை முகர்ந்தாள். "பொய். இது பயந்த பாம்பு விடுற நாத்தம். இவன் மத்த பாம்பைத் தின்கிறவன். உன் கையை இரைன்னு நினைச்சிட்டான். எந்தப் பாம்பைத் தொட்ட?"

டெல்பர்ட் தலையைக் குனிந்தான். "பாம்பு விக்கிற கடையில இருக்கிற மஞ்சப் பாம்பு. தினமும் வேலை முடிஞ்சதும் போய்ப் பிடிச்சுப் பழகுறேன். எனக்குப் பாம்புன்னா உசுரே போயிடும், டெஸ். உன் முன்னால கை நடுங்கக் கூடாதுல்ல?"

டெஸ்ஸா பிஸ்கட்டின் வாயை மெல்ல விடுவித்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு, சட்டையையும் மாத்திட்டு வா. கை நடுங்கினா நடுங்கட்டும். இனிமே இங்கயே பழகு."