லண்டன் கணிதம்

“பிள்ளை வினோஜா, உந்த லண்டன் வகுப்பில என்ர யூலியானாவையும் ஒருக்காச் சேர்த்துவிடும்.”

கையில் நண்டுப் பையும் பின்னால் மகளுமாக அல்போன்சம்மா வினோஜா வீட்டு விறாந்தையில் ஏறினாள். யூலியானாவுக்கு உயர்தரச் சோதனைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. பள்ளிக்கூடத் தவணைச் சோதனைகளில் இரண்டு தரம் கணிதத்தில் விழுந்துவிட்டாள். மூன்றாந்தரமும் விழுந்தால் பல்கலைக்கழகக் கனவு அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு வினோஜாவோ போன வருடம் அதே கணிதத்தில் ஏ எடுத்தவள். சனிக்கிழமை பின்னேரங்களில் அவளுடைய போனில் ஓர் ஆம்பிளைக் குரல் லண்டனிலிருந்து ‘சைன், கோசைன்’ என்று முழங்குவதை அல்போன்சம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். அந்த ஏ எங்கிருந்து வந்ததென்று அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது.

“லண்டன் ஏன் அன்ரி? நானே சொல்லித் தாறன்.”

“நீர் கெட்டிக்காரிதான், இல்லையெண்டு சொல்லேல்ல. எண்டாலும் நீர் எங்கட ஊர்காவற்றுறைதானே.”

வினோஜாவுக்குச் சிரிப்பு வந்தது. “சரி, இருங்கோ. பத்து நிமிசத்தில அவர் போன் எடுப்பார்.” பிறகு யூலியானாவின் பக்கம் திரும்பினாள். “சைன் வர்க்கத்தையும் கோசைன் வர்க்கத்தையும் கூட்டினா ஏன் ஒண்டு வருது?”

“பாடமாக்கினனான் அக்கா. ஏனெண்டு தெரியாது.”

வினோஜா கொப்பியில் ஒரு செங்கோண முக்கோணி கீறினாள். “சின்னப் பக்கம் ரெண்டின்ரயும் வர்க்கத்தைக் கூட்டினா நீட்டுப் பக்கத்தின்ர வர்க்கம். பைதகரஸ் சொன்னது. இப்ப எல்லாத்தையும் அந்த நீட்டுப் பக்கத்தின்ர வர்க்கத்தால பிரி.”

யூலியானா பிரித்தாள். ஒரு புறம் சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் வந்து நின்றன, மறுபுறம் ஒன்று.

“இவ்வளவுதானே அக்கா?”

அல்போன்சம்மாவுக்குச் சந்தேகம் பிடித்தது. “இவ்வளவு கெதியா விளங்கிற கணக்கு சோதனைக்கு வராது. லண்டன் சேர் வரட்டும், ஒழுங்காச் சொல்லுவார்.”

போன் அடித்தது. திரையில் கழுத்துப்பட்டி கட்டிய, நரைத்த தாடிக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் வெண்பலகையும் வரிசையாக வெறுங் கதிரைகளும். அல்போன்சம்மா மகளின் தலைமயிரை அவசரமாகத் தடவிவிட்டாள்.

“எழும்பு, சேருக்கு வணக்கம் சொல்லு.”

சேர் அந்த வணக்கத்தைக் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொப்பியை விரித்து, பேனையைத் திறந்தார்.

“ரீச்சர், அந்தச் சைன் கூட்டல் சூத்திரத்தின்ர நிறுவலை இன்னொருக்காச் சொல்லித் தாங்கோ. அரை மணித்தியாலத்தில என்ர வகுப்புப் பிள்ளையள் வந்திடுவினம்.”